அந்த ஒருத்தன்

"யாரோ இன்னும் சீட் பெல்ட் போடல" என்று என் மனைவி மடியில் இருந்த பிளாஸ்க்கிடம் சொன்னாள்.

அந்த யாரோ நான்தான். பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, "சில பேருக்கு அடுத்தவங்களக் குத்தம் சொல்லலன்னா பொழுது போகாது" என்று ஸ்டீயரிங்கிடம் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.

பதினோரு வருடங்களாக இப்படித்தான். முகம் பார்த்துப் பேசுவதில்லை. சுவருக்கும் காது உண்டு என்பார்கள். எங்கள் பேச்சைக் கேட்டுக் கேட்டு எங்கள் வீட்டுச் சுவருக்குக் காது வலியே வந்திருக்கும். கல்யாணமாகிப் போகும்வரை மகள்தான் தபால்காரி. "அம்மாகிட்ட என் சட்டை எங்கன்னு கேளு." "உங்கப்பா மூக்குக்கு நேராத்தான் தொங்குதுன்னு சொல்லு." நான் ஓய்வு பெற்றதும் அவள்தான் இந்த கேம்பர் வேனை எட்டு நாளைக்கு வாடகைக்கு எடுத்துக் கொடுத்தாள். உள்ளேயே கட்டில், அடுப்பு, பாத்திரம் கழுவத் தொட்டி எல்லாம் உண்டு. ஒருவர் திரும்ப வேண்டுமானால் இன்னொருவர் உட்கார வேண்டும். "இத்துனூண்டு எடத்துல எட்டு நாள் இருந்தா பேசித்தானேப்பா ஆகணும்?" என்றாள். பெற்றவர்களைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான், பாவம்.

நாங்கள் போன சாலை, நாட்டிலேயே முதலில் போட்ட நெடுஞ்சாலையாம். பக்கத்திலேயே எட்டு வழிச் சாலை வந்த பிறகு இதில் போகிறவர்கள் எங்களைப் போன்ற வேலையற்றவர்கள்தான். வழியெல்லாம் மூடிக் கிடக்கும் ஓட்டல்கள், துருப்பிடித்த பெட்ரோல் பங்குகள், பாதி எழுத்து உதிர்ந்த பெயர்ப்பலகைகள். முக்கியமான இடங்களில் வரலாற்றைப் பலகையில் எழுதி நட்டு வைத்திருந்தார்கள். இறங்கிப் படிப்போம், தனித்தனியாக. வானமும் முதல் நாளிலிருந்தே மூட்டமாகத்தான் இருந்தது.

நாங்கள் முகம் பார்த்துப் பேசாததற்குக் காரணம் ஒரே ஒரு பேச்சு. நான் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன். பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒருநாள், ஓர் அலுவலகக் கட்டடத்தில், நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில், ஆறு பேரோடு லிஃப்ட் நின்றுவிட்டது. நாங்கள் மூன்று பேர் உச்சியில் மோட்டார் அறையில் நின்று, சக்கரத்தைக் கையால் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொண்டிருந்தோம். அப்போது அவள் போன் செய்தாள். அவளுடைய அம்மா இறந்துவிட்டார், உடனே வாங்க என்றாள்.

"இங்க உயிரோட ஆறு பேர் தொங்கிட்டிருக்காங்க. செத்தவங்க எங்க ஓடிடப் போறாங்க?" என்றேன்.

கூட இருந்த இருவரும் சிரித்தார்கள். மருத்துவமனையில் முப்பது வருடம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள் அவள். எதிர்முனையில் ஒருவர் எச்சில் விழுங்கினால்கூடக் காதில் விழும். அந்தச் சிரிப்பும் விழுந்தது.

சக்கரம் சுற்ற அவர்கள் இருவரே போதும். நான் கிளம்பியிருக்கலாம். வேலையை முடித்துவிட்டுத்தான் போனேன். அதற்குள் அத்தையை எடுத்துவிட்டார்கள். பெற்ற பிள்ளையைவிட என்னை நன்றாகப் பார்த்துக்கொண்ட அத்தை. அன்றிலிருந்து என் மனைவி என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை. ஆறு பேரைக் காப்பாற்றியவனிடமே கோபமா என்று நானும் வீம்பாக இருந்தேன். நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

ஐந்தாம் நாள் காலை, டீ ஊற்றும்போது அவள் பிளாஸ்க்கிடம் சொன்னாள்: "தங்கச்சி வீட்டு மாடி ரூம் காலியாத்தான் இருக்காம். இந்த ரோடு முடியற ஊர்தான். அங்கேயே இருந்துடலாம்னு முடிவு பண்ணிட்டேன்."

டீயைக் குடிக்காமலே வண்டியைக் கிளப்பினேன். கையில் இருந்தது மூன்று நாள். மன்னிப்பு கேட்டால் ஒருவேளை மனம் மாறுவாள். மணிக்கு எழுபதில் போய்க்கொண்டிருந்தவன் நாற்பதுக்குக் குறைத்தேன்.

ஆறாம் நாள் வாயைத் திறப்பதும் மூடுவதுமாகவே போனது. ஏழாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. மூடிய ஓட்டல் ஒன்றின் முன்னால் வண்டியை நிறுத்தினேன். முன்பக்கக் கண்ணாடியைப் பார்த்தபடி, "ஒருத்தன் அன்னிக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றேன்.

 அவள் பிளாஸ்க்கைக் கேட்டாள்: "எந்த ஒருத்தன்? எனக்கு அப்படி யாரையும் தெரியாதே?"

'நான்' என்று சொல்ல வேண்டும். இரண்டே எழுத்து. வரவில்லை. பதினோரு வருடமாக அந்தச் சொல்லை அவளிடம் உபயோகித்ததே இல்லை. நாக்கு பழக்கத்துக்கு அடிமையாகிவிட்டது.

"மழை வலுக்குது" என்றேன் ஸ்டீயரிங்கிடம்.

"நெல்லக் கொட்டினா அள்ளலாம்" என்றாள் அவள், பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டே. மிச்சப் பழமொழியைச் சொல்லாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்குவது தெரிந்தது. கை நீட்டினால் தொட்டிருக்கலாம், தொடவில்லை.

எட்டாம் நாள் மதியம் சாலை முடிந்தது. மச்சினி குடையோடு கேட்டிலேயே நின்றிருந்தாள். "வாங்க மாமா, உள்ள வாங்க" என்றாள். கனமான பெட்டியை நான் தூக்கி வந்து கேட்டுக்கு உள்ளே வைத்தேன். என் மனைவி குனிந்து அதன் கைப்பிடியைப் பிடித்தாள்.

"நான்தான்" என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது. "நான்தான் அப்படிச் சொன்னேன். உங்கம்மாவ நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. உன்ன அன்னிக்குத் தனியா விட்டிருக்கவும் கூடாது. என்ன மன்னிச்சிடு."

மச்சினி குடையோடு உள்ளே போய்விட்டாள். இவள் நிமிர்ந்து என் முகத்தை நேராகப் பார்த்தாள். எத்தனையோ வருடம் கழித்து ஊருக்கு வந்தவனைப் பார்ப்பதுபோல, நெற்றி, கன்னம், நரைத்த மீசை என்று நிதானமாகப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. கோபம் இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

"சாப்பிட்டுட்டு ஓட்டுங்க" என்றாள், என்னிடமே. "வெறும் வயித்துல ஓட்டாதீங்க. மாத்திரை சின்ன பையில இருக்கு."

மேற்கொண்டு ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மழையில் இரண்டு பேரும் நனைந்துகொண்டிருந்தோம்.

"போயிட்டு வரேன்" என்றேன்.

"பாத்துப் போங்க" என்றாள்.