உயரமான கிளாஸில்தான் நிறைய

காலண்டர் அடித்தாகிவிட்டது, பட்டாசும் செய்தாகிவிட்டது, இனி என்ன செய்யலாம் என்று யோசித்த நவநீதகிருஷ்ணன் ஆசிரியர்களைச் செய்யத் தொடங்கினார். சாத்தூர் ரோட்டில் இருந்த அவருடைய காலண்டர் குடோனுக்கு வெள்ளையடித்து, பெஞ்சு போட்டு, கல்வியியல் கல்லூரி என்று பலகை மாட்டினார்கள். அதே காம்பவுண்டுக்குள் அவருடைய மெட்ரிக் பள்ளி ஏற்கெனவே இருந்தது.

கல்லூரியின் உளவியல் பேராசிரியர் காளிராஜ். குழந்தையின் அறிவு படிப்படியாக வளர்கிறது என்று சொன்ன ஒரு சுவிட்சர்லாந்து அறிஞரைப் பற்றி, சொந்தச் சித்தப்பாவைப் பற்றிப் பேசுவதுபோல உரிமையோடு பேசுவார். அந்த அறிஞரின் சோதனை எளிமையானது. ஒரே மாதிரி இரண்டு கிளாஸில் சமமாகத் தண்ணீர் இருக்கும். ஒன்றில் உள்ளதைக் குழந்தையின் கண்முன்னாலேயே உயரமான, ஒல்லியான கிளாஸில் ஊற்ற வேண்டும். எதில் தண்ணீர் அதிகம் என்று கேட்டால், ஏழு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை உயரமானதில்தான் என்று சொல்லும். வளர்ந்த பிள்ளை இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லும்.

பி.எட். மாணவிகள் ஒவ்வொருவரும் ஆறு வயதுப் பிள்ளை ஒன்றைப் பிடித்து இதைச் செய்து ரெக்கார்டு எழுத வேண்டும். தொல்லை என்னவென்றால், அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் அறிஞரைப் படித்தவர்கள் இல்லை. அச்சங்குளத்தில் ஒரு பயல், "அதே தண்ணிதான, ஊத்துனா கூடிருமா?" என்று கேட்டுவிட்டான். அதை அப்படியே எழுதிய மாணவிக்கு மதிப்பெண் போனது. கோட்பாடு தவறாது, கேட்ட முறைதான் தவறு என்று காளிராஜ் சிவப்பு மையில் எழுதியிருந்தார்.

அப்படியிருக்கையில்தான் அப்சானா என்ற மாணவி பர்ஹத்தைக் கண்டுபிடித்தாள். கல்லூரி வாசலில் டீக்கடை வைத்திருந்த ஆசியா பீவியின் மகள். அப்போது அவளுக்கு உண்மையிலேயே ஆறு வயது. உயரமான கிளாஸில்தான் நிறைய என்று மனதார நம்பிச் சொன்னாள். அப்சானா மகிழ்ந்துபோய் ஒரு கிரீம் பிஸ்கட் கொடுத்தாள். சேதி விடுதிக்குள் பரவியது. அந்த வருடத்து மாணவிகளும் அடுத்த வருடத்து மாணவிகளும் கையில் கிளாஸும் பிஸ்கட்டுமாக டீக்கடைக்கு வந்தார்கள். பர்ஹத் வளர்ந்தாள். ரெக்கார்டுகளில் மட்டும் வேறு வேறு பெயரில் ஆறு வயதிலேயே இருந்தாள். பதில் சொல்வதற்கு முன்னால் தாடையில் விரல் வைத்து யோசிக்கவும் பழகியிருந்தாள்.

அவளுக்கு எட்டு வயதானபோது நவநீதகிருஷ்ணன் ஒரு நாள் டீ குடித்துக்கொண்டே, பிள்ளையை நம்ம பள்ளியில் மூன்றாம் வகுப்பில் சேர்த்துவிடு, ஃபீஸ் வேண்டாம், காளிராஜ் ஸார் ஒரு டெஸ்ட் வைப்பார், அதில் தேறினால் போதும் என்றார். ஆசியா பீவிக்கு அன்று கையே ஓடவில்லை. அவள் தெருவில் பெண்பிள்ளைகள் அஞ்சாவதோடு நின்று, வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டுவார்கள். அவளும் அப்படி ஒட்டியவள்தான். இந்தப் பள்ளியில் பன்னிரண்டாவது வரை உண்டு. கடையிலிருந்து பார்த்தால் வகுப்பு தெரியும். ஊர் ஊராகப் போய் ஜவுளி விற்கும் அவள் புருஷன் ஜெய்லானியும் மறுப்புச் சொல்ல மாட்டான்.

டெஸ்டுக்குப் புதுச் சட்டை போட்டுக் கூட்டிப்போனாள். ரெக்கார்டைத் தவிரக் குழந்தைகளைப் பார்த்துப் பழக்கமில்லாத காளிராஜுக்குப் பர்ஹத்தைத் தெரியவில்லை. அவர் மேஜைமேல் மூன்று கிளாஸைப் பார்த்ததும் பர்ஹத்துக்கு நிம்மதியாகிவிட்டது. தாடையில் விரல் வைத்தாள்.

"ஒசரமான கிளாஸ்லதான் ஸார் நெறைய."

சொல்லிவிட்டுக் கையை நீட்டினாள். அதில் எதுவும் விழவில்லை. காளிராஜ் வருத்தத்தோடு ஆசியா பீவியிடம், வயசு எட்டு, புத்தி இன்னும் ஆறு, மூன்றாம் வகுப்பைப் பிள்ளை தாங்காது, கொஞ்ச காலம் வீட்டிலேயே இருக்கட்டும் என்றார்.

கடைக்கு வந்து ஆசியா பீவி மகளை அடிக்கவில்லை. ஏன் அப்படிச் சொன்னாய் என்று மட்டும் கேட்டாள்.

"அப்படிச் சொன்னாத்தாம்மா அவுக சிரிப்பாக. ஒருக்க ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்லிட்டேன். அந்தக்கா அழுதிருச்சு."

அப்சானா இப்போது அதே பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். ஆசியா பீவி அவளைத்தான் தேடிப்போனாள். இருவரும் பர்ஹத்தோடு காளிராஜின் அறைக்குத் திரும்பினார்கள். அப்சானா தலையைக் குனிந்துகொண்டு முழுவதையும் சொன்னாள். காளிராஜ் அலமாரியைத் திரும்பிப் பார்த்தார். பைண்டு செய்த ரெக்கார்டுகள் வரிசையாக நின்றன. அத்தனையிலும் இருந்தது இந்த ஒரு பிள்ளை. கல்லூரியின் அங்கீகாரத்தைப் புதுப்பிக்கக் கமிட்டி வரவிருந்தது.

அவர் மறுபடி தண்ணீரை ஊற்றினார். பர்ஹத் கிளாஸைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"ரெண்டும் ஒண்ணுதான் ஸார்."

பிள்ளை ஒரே நாளில் ஒரு படி ஏறிவிட்டாள், நம் வளாகத்தின் சூழல் அப்படி என்றார் காளிராஜ். அவர் கேலி செய்யவில்லை. அந்த நேரத்துக்கு அதை நம்பவே செய்தார். சீட்டு உண்டு என்றார். ஒன்றே ஒன்று, கமிட்டி முன்னால் சோதனையைச் செய்து காட்டும்போது மட்டும் பிள்ளை பழைய பதிலைச் சொல்ல வேண்டும்.

"அவ பொய் சொல்லணுமாக்கும் ஸார்?" என்றாள் ஆசியா பீவி.

"பொய் இல்லம்மா. கோட்பாடு."

ஜன்னலுக்கு வெளியே மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையில் போய்க்கொண்டிருந்தார்கள். ஆசியா பீவி அவர்களைப் பார்த்தாள். பிறகு சரி என்று தலையாட்டினாள்.

கமிட்டி வந்த அன்று பர்ஹத்துக்குப் பழைய சட்டையை இழுத்துப் போட்டு, வயது தெரியாமலிருக்க முடியை இரண்டு குடுமியாகக் கட்டினார்கள். விரலைத் தாடையில் வைத்து அவள் சொன்ன பதிலைக் கேட்டு, புத்தகத்தில் உள்ளபடியே இருக்கிறதே என்று கமிட்டித் தலைவர் வியந்தார். அங்கீகாரம் கிடைத்தது. பர்ஹத்துக்கு ஒரு பாக்கெட் பிஸ்கட்டும் சீட்டும் கிடைத்தன.

மறுநாள் மூன்றாம் வகுப்பு. அப்சானா கரும்பலகையில் ஒரு கூட்டல் கணக்கைப் போட்டு, புதுப் பிள்ளை சொல்லட்டும் என்றாள். பர்ஹத் எழுந்தாள். எளிய கணக்குதான், அவளுக்குத் தெரியும். ஆனால் அவள் பலகையைப் பார்க்கவில்லை. அப்சானாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எதைச் சொல்லணும் டீச்சர்?"

அப்சானா தன் முகம் பிள்ளைக்குத் தெரியாதபடி கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "கணக்கைப் பாத்துச் சொல்லு" என்றாள், பலகையிடம்.

பர்ஹத்தின் விரல் மெல்ல மேலே ஏறித் தாடையில் வந்து நின்றது.