காவல் தேனீக்களும் ஒரு வாழைப்பழமும்

என் மாமனாருக்கும் அவர் வளர்க்கும் தேனீக்களுக்கும் ஒரே கொள்கைதான். அந்நிய வாசனை வந்தால் வாசலோடு நிறுத்திவிட வேண்டும். அவர் சம்மதம் இல்லாமல் அவர் மகளைக் கட்டிக்கொண்டவன் நான். எத்தனை முறை போனாலும் அவளுக்கு வீடு, எனக்குக் கொல்லைப்புறம். தேன்பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டி, “உக்காருங்க சார்” என்பார். அந்த ‘சார்’ கொட்டியதுபோல் எந்தத் தேனீயும் என்னைக் கொட்டியதில்லை. அதாவது, அன்று வரை.

எப்படியாவது உள்ளே போய்விடுவது என்று, தேனெடுக்க ஒத்தாசைக்கு வருவதாக நானே வாக்குக் கொடுத்தேன். மனைவி பாடம் நடத்தினாள்.

“சென்ட் அடிக்காதீங்க. கறுப்புச் சட்டை வேணாம். பெட்டி வாசல்ல காவலுக்கு நிக்கிறதுங்க மோந்து பாக்கும். கையைக் காலை ஆட்டாம நில்லுங்க.”

அத்தனையும் கடைப்பிடித்தேன். என்ன, பயம் வந்தால் எனக்குப் பசியும் வரும். வழியில் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டு, கையை வெள்ளைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டேன்.

மாமனார் புகை போட்டு மூடியைத் திறந்தார். காவல்காரிகள் புகையைச் சட்டை செய்யாமல் நேராக என் முகத்துக்கு வந்தார்கள். காதில் ஒன்று கொட்டியது.

“இதுங்களுக்கு என்ன வந்துச்சு?” என்றவர், என் வாயருகே மூக்கைக் கொண்டுவந்து மோப்பம் பிடித்தார். “வாழைப்பழம் சாப்டீங்களா?”

கல்யாணமான நாளிலிருந்து, சாப்பிட்டாயா என்று அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. உருகிவிட்டேன்.

“ஆமா மாமா. ஒண்ணே ஒண்ணு.”

“போச்சு! எதிரி வந்துட்டான்னு இதுங்க கூட்டத்தைக் கூப்பிடுற வாடையே அதுதான்!”

கூட்டம் வந்தது. பெட்டியே எழுந்து வந்தது போலிருந்தது.

“மாப்பிள்ளை, உள்ள ஓடுங்க!”

எந்த மாப்பிள்ளை வந்திருக்கிறான் என்று நான் திரும்பிப் பார்த்தேன். அந்த நேரத்தில் மூக்கும் உதடும் போயின. மாமனார் என் காலரைப் பிடித்து இழுத்துப்போய் சமையலறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்.

மாமியார் கத்தியின் மழுங்கிய பக்கத்தால் கொடுக்குகளைச் சுரண்டி எடுத்தார். மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“பழத்தைப் பத்தி நீ சொல்லவே இல்லையே?” என்றேன், வீங்கிய உதட்டோடு.

“பரீட்சைக்கு வராதுன்னு நெனச்சேன்.”

மாமனார் தன் பழைய சட்டை ஒன்றை என் மடியில் போட்டார். “அதைக் கழட்டிட்டு இதைப் போடுங்க. வெளிய இன்னும் சுத்திட்டு இருக்குங்க. அடங்குற வரைக்கும் இங்கயே இருங்க.”

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். பெட்டிப் பக்கம் எல்லாம் அமைதியாக இருந்தது. நாற்காலி மட்டும் கவிழ்ந்து கிடந்தது.

மாமனாரும் பார்த்தார். பிறகு திரையை இழுத்து மூடினார்.

“செம கோவத்துல இருக்குங்க,” என்றார். “சாயங்காலம் ஆயிடும், மாப்பிள்ளை.”