முனியனுக்கு அறுபது போதும்

மாரிராஜ் பயந்துபோனான். அதற்குக் காரணம் சூப்பர்வைசர் நடேசன் இல்லை, ஊரிலிருந்து வந்த போனும் இல்லை. ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் யாக்கோபு நடத்துகிற பிரௌசிங் சென்டரில், கம்ப்யூட்டர் திரையில் வந்து நின்ற ஓர் அறிவிப்புதான். ஆன்லைன் விளையாட்டு நடத்துகிற கம்பெனிக்காரன் கேட்டிருந்தான்: லெவல் கேப்பை, அதாவது உச்ச வரம்பை, அறுபதிலிருந்து எழுபத்தைந்துக்கு உயர்த்தலாமா, வேண்டாமா? ஒரு கணக்குக்கு ஓர் ஓட்டு. ஞாயிற்றுக்கிழமைக்குள் போட்டுவிட வேண்டுமாம்.

இதற்கெல்லாமா ஒருத்தன் பயப்படுவான் என்று கேட்பீர்கள். மாரிராஜின் இடத்தில் இருந்திருந்தால் நீங்களும் பயந்திருப்பீர்கள்.

அந்த விளையாட்டில் கோடாரியைத் தூக்கிக்கொண்டு காடு மேடெல்லாம் அலைகிற ஒரு முரட்டு ஆள் இருந்தான். பெயர் முனியன். பேய் பிசாசு, ராட்சதப் பல்லி என்று எதிரே வருவதையெல்லாம் வெட்டினால் முனியனுக்கு லெவல் ஏறும். மற்ற ஊர்ப் பையன்கள் ஆளுக்கொரு வீரனை வைத்துக்கொண்டு, நேரம் கிடைக்கும்போது விளையாடி, அலுத்தால் எழுந்து போனார்கள். நம்ம ஆட்கள் அப்படி இல்லை. மாரிராஜ், நம்பிராஜன், சுடலை மூன்று பேரும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து செல்போன் கம்பெனியில் ஆபரேட்டராக இருந்தவர்கள். ஒரே வாடகை ரூம். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே கணக்கு, ஒரே முனியன்தான். அவனை மூன்று ஷிஃப்ட் போட்டு ஓட்டினார்கள்.

சூப்பர்வைசரிடம் கெஞ்சிக் கூத்தாடி, ஒரே வாரத்தில் மூன்று பேருக்கும் மூன்று வெவ்வேறு ஷிஃப்ட் வருகிற மாதிரி பார்த்துக்கொண்டார்கள். இரவு ஷிஃப்ட் முடித்தவன் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே சென்டருக்கு வருவான். மதியம் வேலைக்குப் போகிறவன் அவனை எழுப்பிவிட்டு உட்காருவான். காலை ஷிஃப்ட் முடித்தவன் சாயங்காலம் வந்தால் யாக்கோபு கடை சாத்துகிறவரை எழுந்திருக்க மாட்டான். கம்பெனி லைனில் அடுத்த ஷிஃப்ட்காரனிடம் ஹேண்டோவர் கொடுப்பது போலவே இங்கும் ஹேண்டோவர் உண்டு. "குகைக்குள்ள நிக்கான். மருந்து தீந்துட்டு. இடது பக்கம் போவாத, கொன்னுருவானுவ" என்று சொல்லிவிட்டுத்தான் நாற்காலியை விடுவார்கள். நாற்காலி காலியாக இருந்தால் "ஏலே, லைன் நிக்கி" என்பான் நம்பிராஜன். விளையாட்டைப் போய் புரொடக்‌ஷன் ஆக்கிய புண்ணியவான்கள் உலகத்திலேயே இவர்கள் மூன்று பேராகத்தான் இருக்க முடியும்.

அதன் பலனை அனுபவித்தவன் மாரிராஜ், இன்னும் வேலை நிரந்தரமாகாத டிரெய்னி. ராத்திரியெல்லாம் லைனில் நின்று, காலையெல்லாம் முனியனோடு அலைந்து, மதியம் கோழித் தூக்கம் தூங்கினால் உடம்பு என்ன இரும்பா? நின்றபடியே தூங்கி டிரேயில் நெற்றியை இடித்துக்கொண்டான். ஒரு மெமோ வந்தது. அடுத்த மாதமே ஸ்பீக்கர் இல்லாத போனைப் பாஸ் பண்ணிவிட்டான். இன்னொரு மெமோ வந்தது. "இன்னொண்ணு வந்துச்சுன்னா கன்ஃபர்மேஷன் இல்லப்பா, மூட்டையைக் கட்டிக்க" என்று நடேசன் குரலை உயர்த்தாமலே சொன்னார். அவர் கத்தியிருந்தால்கூட இவ்வளவு பயமாக இருந்திருக்காது.

விளையாட்டுக்கு வர மாட்டேன் என்று சொல்லிவிடலாமே? எங்கே சொல்வது? ஊரில் சும்மா சுற்றிக்கொண்டிருந்தவனை இங்கே கூட்டிவந்து, இன்டர்வியூவுக்குத் தன் சட்டையைக் கொடுத்து, ரூமில் இடமும் கொடுத்தவன் நம்பிராஜன். அவனுக்கு முனியன் என்றால் உயிர். அவன் முகத்தைப் பார்த்து "லைனை நிறுத்து" என்று சொல்ல மாரிராஜுக்கு நாக்கு எழவில்லை.

நல்ல வேளையாக, ஆடி மாதம் முனியன் அறுபதைத் தொட்டான். அதற்கு மேல் லெவல் கிடையாது. வெட்டினாலும் ஏறாது, வெட்டாவிட்டாலும் இறங்காது. மூன்று பேரும் புரோட்டா வாங்கிக் கொண்டாடினார்கள். மறுநாள் இரவு ஷிஃப்ட் முடிந்து ரூமுக்கு வந்து படுத்த மாரிராஜ், சாயங்காலம் கண் விழித்தபோது தன் பெயரே அவனுக்கு ஒரு நிமிஷம் ஞாபகம் வரவில்லை. அப்படி ஒரு தூக்கம். அதற்குப் பிறகு மெமோ எதுவும் வரவில்லை. நடேசனும் பெயரைக் கன்ஃபர்மேஷனுக்கு அனுப்பியிருப்பதாகச் சொல்லிவிட்டார்.

இந்த நேரத்தில்தான் கம்பெனிக்காரன் எழுபத்தைந்து என்று வந்து நிற்கிறான்.

வெள்ளிக்கிழமை ரூமில் இதே பேச்சுதான். சுடலை சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான்.

"ஏத்தத்தாம்ல வேணும்" என்றான் நம்பிராஜன். "அறுபதுல நின்னுக்கிட்டு என்ன செய்ய? அவ்வளவு பெரிய கோடாரிய வச்சிக்கிட்டு சந்தைல நிக்கான், கல்யாண வீட்டுக்கு வந்த மாமா மாதிரி."

மாரிராஜ் சுற்றி வளைத்து ஆரம்பித்தான். "புதுசா வாரவன் பாவம்லா. நேத்து சேந்தவன் எப்ப எழுபத்தஞ்சுக்கு வர? நம்ம பாடுபட்டுச் சேத்த கோடாரியும் கவசமும் பழைய இரும்பாயிரும்."

"புதுசு வாங்குவோம். நம்ம மூணு பேரு இருக்கோம், மூணு ஷிஃப்ட்டு இருக்கு. பிறகென்ன?"

உனக்கு என்னல, எனக்குத்தான் வேலை போகும் என்று வாய்வரை வந்ததை மாரிராஜ் மென்று விழுங்கினான்.

"நீ என்னல சொல்லுத?" என்று சுடலையைக் கேட்டான் நம்பிராஜன்.

"பாப்போம்" என்றான் சுடலை. வாழ்க்கையில் எதைக் கேட்டாலும் அவன் சொல்கிற பதில் அது.

ஞாயிறு மதியம் மூன்று பேரும் ஒன்றாகப் போய் ஓட்டுப் போடுவது என்று முடிவாயிற்று. மாரிராஜுக்கு அதுவரை பொறுக்க முடியவில்லை. தன்னைப் பற்றி அவனுக்கு நன்றாகத் தெரியும். வரம்பு ஏறிவிட்டால் நம்பிராஜன் கூப்பிடுவான், இவனும் போவான், திரும்பவும் டிரேயில் இடித்துக்கொள்வான். சனிக்கிழமை காலை, குளிக்கக்கூட இல்லாமல், யாக்கோபு ஷட்டரைத் தூக்கும்போதே போய் நின்றான்.

"இன்னாபா, நேரத்தோட வந்துக்கினு கீறே? ஆட்டம்தான் முடிஞ்சி போச்சின்னீங்க?"

"சும்மாதான் அண்ணே. மெயில் பாக்கணும்."

திருடனைப் போல மூலை கம்ப்யூட்டரில் உட்கார்ந்தான். கூட்டாளிகளுக்குத் தெரியாமல் "வேண்டாம்" என்று அமுக்கப் போகிறோமே என்று மனசு உறுத்தியது. சட்டை கொடுத்தவனுக்குச் செய்கிற காரியமா இது? இருந்தாலும் பக்கத்தைத் திறந்தான்.

இந்தக் கணக்கிலிருந்து ஏற்கெனவே ஓட்டுப் போட்டாகிவிட்டது என்றது திரை. போட்டிருந்த ஓட்டு: வேண்டாம்.

மாரிராஜ் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி படித்தான். வேண்டாம்தான். அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தான். பாவி சுடலை, வெங்காயம் உரித்துக்கொண்டே என்ன வேலை பார்த்திருக்கிறான்! அவன் காலில் விழலாம் போலிருந்தது. ஆனால் வெளியே வந்து டீ குடிக்கும்போது அந்தச் சந்தோஷம் கசந்துவிட்டது. நாளைக்கு நம்பிராஜன் இதைப் பார்த்தால் சுடலையை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவானே. வாயில்லாப் பூச்சி, தப்பிக்கக்கூடத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் ஒரே கம்ப்யூட்டர் முன்னால் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். நம்பிராஜன்தான் மௌஸைப் பிடித்திருந்தான். பக்கம் திறந்தது. "வேண்டாம்" என்ற சொல் பளிச்சென்று நடுவில் நின்றது. சுடலை அண்ணாந்து ஃபேனைப் பார்த்தான்.

மாரிராஜ் முந்திக்கொண்டான். "நாந்தாம்ல போட்டேன்" என்றான். "எனக்கு ரெண்டு மெமோ இருக்கு. இன்னொண்ணு வந்தா வேலை போயிரும். உங்கிட்டச் சொல்லப் பயமா இருந்துச்சு. என்னால இனிமே முடியாதுல நம்பி. நிசமாவே முடியாது."

சொல்லி முடித்ததும், மாதக்கணக்காக நெஞ்சில் கிடந்த கல்லை யாரோ இறக்கி வைத்தது போல இருந்தது. என்ன திட்டு வந்தாலும் வரட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டான்.

நம்பிராஜன் மௌஸை விட்டுவிட்டு அவனையே பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தவனின் முகம் மெல்லச் சிவந்தது.

"பொய் சொல்லாதல" என்றான். "அதப் போட்டது நானு."

"நீயா?"

"ஆனி மாசம் பஸ்ஸுல தூங்கி வாலாஜாபாத் வரைக்கும் போனேன்னு சொன்னேன்லா? அது பஸ்ஸுல இல்லல. பைக்ல பின்னால உக்காந்து தூங்கிட்டேன். தண்டலத்துப் பக்கம், லாரி முன்னால விழப் பாத்தேன். உங்க ரெண்டு பேரையும் இதுல இழுத்து விட்டதே நாந்தான். நானே வேண்டாம்னு எப்படிச் சொல்ல? அதாம் வெள்ளிக்கெழமை அவ்வளவு கத்துனேன்."

இருவரும் சுடலையின் பக்கம் திரும்பினார்கள்.

"நானும் நேத்து சாயங்காலம் வந்தேன்" என்றான் சுடலை. "வேண்டாம்னு போட்டிருந்துச்சு. யாரோ நம்ம பய நல்லா இருக்கட்டும்னுட்டுப் போயிட்டேன்."

அவ்வளவுதான். மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து கம்ப்யூட்டரில் ரெஸ்யூம் அடித்துக்கொண்டிருந்த பெண் முறைத்தாள். மாரிராஜுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதில் எவ்வளவு சிரிப்பு, எவ்வளவு அழுகை என்று அவனுக்கே தெரியாது.

கம்பெனிக்காரன் என்ன செய்தான் என்கிறீர்களா? ஏற்றிவிட்டான். உலகம் முழுக்க ஏற்று ஏற்று என்றுதான் ஓட்டு விழுந்திருந்தது. யாக்கோபு அந்தச் செய்தியை வாயெல்லாம் பல்லாகச் சொன்னார்.

"எழுவத்தஞ்சு ஆக்கிட்டானாமே. இனி மூணு பேரும் இங்கதானே குடித்தனம்?"

"அவம் ஏத்துனா ஏத்திட்டுப் போறான் அண்ணே" என்றான் மாரிராஜ். அவன் சட்டைப் பையில் அன்றைக்குத்தான் வாங்கிய புது ஐடி கார்டு இருந்தது. டிரெய்னி என்ற வார்த்தை அதில் இல்லை.

நம்பிராஜன் மட்டும் ஐந்து நிமிஷம் என்று சொல்லி உட்கார்ந்தான். மற்ற இருவருக்கும் திக்கென்றது. அவன் சண்டைக்குப் போகவில்லை. முனியனைச் சந்தை வழியாக நடத்திக்கொண்டுபோய், ஒரு மரத்தடியில் நிறுத்தி, உட்காருகிற பட்டனை அமுக்கினான். முனியன் கோடாரியைப் பக்கத்தில் வைத்துவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்தான்.

"ஒரு வருசமா நின்னுக்கிட்டே இருந்தாம்லா" என்றான் நம்பிராஜன். "உக்காரட்டும்."

பிறகு கணக்கை மூடிவிட்டு மூன்று பேரும் ரூமுக்குத் தூங்கப் போனார்கள்.