பச்சை ஒயர்

மாவு மில்லில் இருந்தவர்கள்: மின் ஆய்வாளர் கிருஷ்ணமூர்த்தி, வயரிங் செய்த வீரமணி, இதே மில்லில் ஷாக் அடித்துச் செத்த முதலாளி அரங்கநாதனின் மனைவி லீலாவதி, சிமெண்ட் ஆலை நைட் ஷிப்டை விட்டுவிட்டு இங்கே மாவு அரைக்கும் வேலைக்கு வந்த நான். அரங்கநாதன் இல்லை என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அவர் விழுந்த இடத்தில் தரையிலிருந்த மாவு ஆள் அளவுக்குக் கலைந்து கிடந்தது. கூட்ட யாருக்கும் கை வரவில்லை. மெயின் ஃப்யூஸைப் பிடுங்கியாகிவிட்டது. இருந்தும் மோட்டாருக்குப் பக்கத்தில் போனால் என் கை மயிர் நிற்கிறது.

நடந்தது இதுதான். கொல்லை விளக்குக்கு வீரமணி லைன் இழுத்தபோது சிவப்பு ஒயர் தீர்ந்துவிட்டது. பச்சையைப் போட்டுவிட்டான். பிறகு விளக்கையும் கொல்லைக்குப் போன ஒயரையும் கழற்றிவிட்டார்கள். கரண்ட் உள்ள பச்சை முனை மட்டும் மோட்டாருக்குப் பக்கத்தில் நின்றது. உள்ளே கம்பிச் சுருள் எரிந்து, புதுக் காயில் கட்டப் பெரம்பலூர் போயிருந்த மோட்டார் திரும்பி வந்ததும், பச்சைதானே எர்த் என்று அரங்கநாதன் அதை மோட்டார் உடம்பில் முடுக்கினார். மெயினைப் போட்டார். மோட்டாரைத் தொட்டார்.

"பச்சை எர்த்துக்கு மட்டுந்தான்யா. விதி அது," என்றார் ஆய்வாளர்.

"முனையில செவப்பு டேப் சுத்தியிருந்தேன் சார். ஜெயங்கொண்டம் பக்கம் எல்லா ஒயர்மேனும் அப்படித்தான் செய்றான். பாத்தா கரண்ட் ஒயர்னு தெரிஞ்சுக்குவாங்க."

"ஆட்டுக் கொம்புல மஞ்சள் பூசினா மாடாயிடுமா?"



"டேப்ப நான்தான் பிச்சேன்," என்றாள் லீலாவதி. "ஆயுத பூசைக்குத் தொடச்சப்ப. பிசுபிசுன்னு தூசி ஒட்டிக் கெடந்துச்சு. பிச்சுட்டுப் பக்கத்துல சந்தனப் பொட்டு வெச்சேன்."

வீரமணி நிம்மதியாய் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அதற்காக அவனை அடித்திருக்கலாம்.

"உங்க மேல தப்பில்லம்மா," என்றார் ஆய்வாளர். "டேப் எல்லாம் கணக்குல வராது. பச்சைய இழுத்தவன் மேலதான் தப்பு."

"டேப் இருந்திருந்தா அவரு தொட்டிருப்பாரா?"

"விதிப்படி..."

"விதிய கேக்கல சார்."

ஆய்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தொட்டிருக்க மாட்டாரு," என்றார்.

அவள் தலையாட்டினாள். எங்கள் மூவரையும் வாசலுக்கு அனுப்பினாள்.

"நான் வேணா கூட இருக்கட்டாக்கா?" என்றேன்.

"வேணாம்ப்பா. இத அவருகிட்ட நானே சொல்லிக்கிறேன்."

உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. உள்பக்கம் தாழ்ப்பாள் விழுந்தது.