எண்பத்தெட்டுப் பேரும் திரும்பி நின்ற வாரம்

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்துக்கு, முப்பத்தேழாம் எண் அட்டையில் இருந்த கோல்கீப்பர் திரும்பி நின்றுகொண்டார். அதற்கு முன் முப்பத்து நான்கு வருடங்களாக அவர் இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றி, போட்டோ எடுப்பதே பிடிக்காதவர் போல நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது முதுகு மட்டும்தான் தெரிந்தது. சட்டையில் ஒன்றாம் எண்ணின் அடிப்பக்கத் தையல் இரண்டு விரல் நீளத்துக்குப் பிரிந்திருந்தது. அந்த விஷயம் அதுவரை யாருக்கும் தெரியாது. பதினொன்று ஐந்துக்கு அலமாரியின் ஈரப்பதத்தைக் குறித்தபோது கோல்கீப்பர் ஒழுங்காகத்தான் நின்றிருந்தார் என்று பல் செட்டுக்காரர் பிறகு எல்லோரிடமும் உறுதியாகச் சொன்னார். நேரத்தில் அவர் தப்பு செய்கிறவர் இல்லை. வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளைப் பார்த்துப் பொய்ப்பல் செய்து கொடுப்பது அவர் தொழில். அரை மில்லிமீட்டர் பிசகினால் ஒரு மனிதன் சாப்பிட முடியாது என்று இருபது வருடமாகச் சொல்லிவருகிறவர்.

அட்டைகள் சூயிங்கம் பாக்கெட்டில் வந்தவை. பாக்கெட்டுக்கு ஒரு கால்பந்து வீரர், அணிக்குப் பதினொன்றாக எட்டு அணிகள், மொத்தம் எண்பத்தெட்டுப் பேர். அவருக்குப் பதினோரு வயதும் அக்காவுக்குப் பதினான்கு வயதுமாக இருந்தபோது இருவரும் தாடை வலிக்க வலிக்க மென்று சேர்த்தார்கள். அவர் பிற்பாடு பல் தொழிலுக்கு வந்ததற்கும் அந்தச் சூயிங்கத்துக்கும் சம்பந்தமில்லை என்று அவரே பலமுறை மறுத்திருக்கிறார். மாற்றுவது அக்காவின் வேலை, வைத்துக்கொள்வது தம்பியின் வேலை. எந்த அட்டை வேண்டுமோ அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், வேண்டாத அட்டைக்காகக் கெஞ்சுவது போல நடித்து, கடைசியில் வேண்டியதைக் கொசுறாக வாங்கி வந்துவிடுவாள். தெருவில் பெரிய பையன்களே அவளிடம் மாற்றுவதற்கு முன் ஒருமுறை யோசிப்பார்கள். அட்டைகள் தரையில் அணிவகுத்தன, தலையணைக்கடியில் தூங்கின, டீ குடித்தன. கோல்கீப்பர் ஒரு மழைக்காலம் முழுக்க அக்காவின் தலைமுடியில் கிளிப்புக்குப் பதிலாக இருந்தார். அவள் கல்யாணமாகிப் போன அன்று எண்பத்தெட்டையும் எண்ணிப் பார்த்துத் தம்பியின் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. பங்கு வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சந்தேகம் அங்கேதான் ஆரம்பித்தது.

பழைய அட்டைகளைத் தேடுகிறவர்கள் பெருகப் பெருக, பல் செட்டுக்காரரின் பொழுதுபோக்கு மெல்ல மெல்லக் காவல் வேலையாக மாறியது. முதலில் உறை வந்தது, பிறகு அலமாரி, பிறகு பூட்டு, பிறகு வெள்ளைக் கையுறை. அட்டைகளைப் பரிசோதித்துப் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டு, திறக்க முடியாத பிளாஸ்டிக் கூட்டில் வைத்து ஒட்டித் தரும் ஒருவர் ஊரின் மறுகோடியில் இருந்தார். எண்பத்தெட்டையும் அவரிடம் கொண்டுபோய்த் திரும்ப எடுத்துவர ஏழு வருடம் ஆயிற்று. ஏழு மார்க்கைத் தாண்டியவர்கள் நான்கே நான்கு பேர். கோல்கீப்பருக்கு மூன்றரை. மூலை மடங்கியிருந்தது. அன்று மாலை முழுக்க பல் செட்டுக்காரர் அக்காவின் தலைமுடியைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தார். கூட்டுக்குள் போனபின் அட்டைகளை அவர் தொட்டதில்லை. கூட்டிலும் கீறல் விழும் என்பதால் அதையும் நகர்த்தியதில்லை. தினமும் கதவைத் திறந்து, ஈரப்பதத்தைக் குறித்து, எண்ணி, மூடுவார். ஒவ்வொரு ஞாயிறும் சாப்பிட வரும் அக்கா அந்த அறைப் பக்கமாக நடந்தால், அவரும் பேச்சை விடாமல் கூடவே நடப்பார்.

புதன்கிழமை ஆறு பேர் திரும்பினார்கள். வியாழக்கிழமை முப்பத்தொரு பேர். சாலையில் ஒருவன் எதையோ அண்ணாந்து பார்த்தால் பின்னால் வருகிறவனும் நின்று பார்ப்பானே, அப்படி ஒருவரைப் பார்த்து ஒருவர் திரும்பி, சனிக்கிழமை மத்தியானத்துக்குள் எண்பத்தெட்டுப் பேரும் முதுகைக் காட்டிவிட்டார்கள். பொய்ப்பல்லுக்குச் சாயம் பார்க்கும் பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு முதுகையும் ஆராய்ந்தார். அச்சு பழசு, மை பழசு, ஒட்டு உடையவில்லை. அப்படியிருந்தும் அவருக்குத் தோன்றியது ஒன்றுதான்: யாரோ அசலை எடுத்துவிட்டு, முதுகு காட்டும் போலிகளை வைத்திருக்க வேண்டும். முதலில் மனைவியைச் சந்தேகப்பட்டார். அவள் பள்ளிக்கூட நூலகத்தில் வேலை செய்கிறவள், காணாமல் போன புத்தகங்களின் கதையைத் தினமும் கேட்கிறவள். அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அவங்க திரும்பி நின்னா நிக்கட்டுமே. நாலு நாளா நீங்களுந்தான் என் பக்கம் திரும்பல. நான் யாரைப் போய்ச் சந்தேகப்படறது?"

அதோடு அவளை விட்டுவிட்டார். மிச்சம் இருந்தது அக்கா. போன வாரம் இருவரும் மூன்று நாள் வெளியூர் போயிருந்தபோது செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற வந்தது அக்காதான். வீட்டுச் சாவி இன்னொன்று அவளிடம்தான் இருந்தது. அலமாரியைப் பூட்டினோமா இல்லையா என்று அவருக்கே சரியாக ஞாபகம் இல்லை. அவள் வந்தது போன வாரம், கோல்கீப்பர் திரும்பியது இந்த வாரம் என்பதைச் சந்தேகம் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. நேரே போன் போட்டார்.

"அக்கா, அன்னைக்கு வந்தப்ப என் ரூம் அலமாரியைத் திறந்தியா?"

"திறந்தேன். கை துடைக்கத் துண்டு தேடினேன்."

"அதுல துண்டு இல்லையே."

"இல்லைன்னு திறந்தாத்தானேடா தெரியும்?"

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் இருபத்தைந்து வருடமாக நாக்கின் நுனியில் இருந்தது தானாகவே வெளியே வந்துவிட்டது. "இதுல உன் பங்குன்னு ஏதாவது மனசுல இருந்தா நேரா கேளு. இந்த மாதிரி வேலையெல்லாம் வேண்டாம்." மறுமுனையில் அக்காவின் கடையில் தையல் மிஷின் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, பிறகு அதுவும் நின்றது. திங்கட்கிழமை கூரியரில் ஒரு பொட்டலம் வந்தது. சிவப்பு ரெக்ஸின் துண்டு, நான்கு பக்கமும் இரட்டைத் தையல். கத்தியால் கிழித்துப் பார்த்தபோது உள்ளே வீட்டுச் சாவி. அதற்கு முந்தின நாள் ஞாயிறு, அக்கா சாப்பிட வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. மனைவி மூன்று தட்டு வைத்து, ஒன்றைத் திரும்ப எடுத்து வைத்தாள்.

"கார்டு எம்பத்தெட்டு இருக்கு. அக்கா ஒண்ணுதான். எதை எண்ணிப் பாக்கணும்னு தெரியல உங்களுக்கு" என்றாள்.

அவருக்கும் சோறு இறங்கவில்லை என்பது உண்மை. ஆனால் சந்தேகம் இறங்கவில்லை என்பதும் உண்மை. குற்றம் உறுதியானால் மன்னித்துவிடலாம், உறுதியாகாத வரைக்கும் எப்படி மன்னிப்பது என்பது அவருடைய நிலைமை. எனவே புதன்கிழமை, இரண்டு கடைவாய்ப் பற்களை அப்படியே மெழுகில் விட்டுவிட்டு, கோல்கீப்பரைக் கூட்டோடு பையில் போட்டுக்கொண்டு, மார்க் போடுகிறவரிடம் காட்டுவதற்காக பஸ் ஏறினார். ஜன்னலோரம் உட்கார்ந்து, முதுகையாவது பார்ப்போம் என்று வெளியே எடுத்தார். பஸ் தண்ணீர்த் தொட்டி முனையில் இடது பக்கம் திரும்பியது. கோல்கீப்பர் வலது பக்கம் திரும்பினார். ஆஸ்பத்திரி வளைவில் பஸ் வலது பக்கம் ஒடிந்தபோது கோல்கீப்பரின் காது தெரிந்தது, பிறகு மூக்கு. பக்கத்து சீட்டில் இருந்தவர் அதைப் பார்த்துவிட்டு, போனில் இப்போதெல்லாம் என்னென்னவோ வந்துவிட்டது என்றார். இது போன் இல்லை என்று சொல்ல பல் செட்டுக்காரருக்கு நேரமில்லை. முகம் முழுதாகத் தெரிந்த இடம் அக்காவின் கடை இருக்கும் தெரு. பஸ் அதைத் தாண்டியதும் மறுபடி முதுகு.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தார். கிட்டே போகப் போக கோல்கீப்பர் இடுப்பிலிருந்து கைகளை எடுத்தார். முழங்காலை மடக்கினார். மெக்கானிக் கடை தாண்டியதும் உள்ளங்கைகளை விரித்தார்.  அசல் அத்தனையும் இங்கேதான் இருக்கிறது, இந்தப் போலி போய்ச் சேரவேண்டியவர்களைத் தேடுகிறது என்று அவருக்குச் சந்தேகமறத் தெரிந்துவிட்டது. கையும் களவுமாகப் பிடிக்கப்போகிறவனின் துக்கத்தோடு உள்ளே நுழைந்தார்.

அக்கா கார் சீட்டுகளுக்கு உறை தைப்பவள். பசை வாடையும் பஞ்சுத் தூசியுமாக இருந்த கடையில், காரிலிருந்து கழற்றிய சீட் ஒன்றின் மேல் முழங்காலை ஊன்றி உறையை இழுத்து மாட்டிக்கொண்டிருந்தாள். தம்பியைப் பார்த்தும் இழுப்பை விடவில்லை. விட்டால் சுருக்கம் விழும். அவர் அவளைப் பார்க்கவில்லை. கோல்கீப்பர் எங்கே பார்க்கிறார் என்று பார்த்தார். சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியின் ஓரத்தில் ஒரு அட்டை செருகியிருந்தது. வெளுத்துப்போன புல், அதன் நடுவில் ஒரு பந்து. ஆள் கிடையாது, எண் கிடையாது, பந்து மட்டும்.

அப்படி ஒரு அட்டை இருந்ததே அவருக்கு மறந்துவிட்டது. கம்பெனிக்காரன் அதை எக்கச்சக்கமாக அச்சடித்திருந்தான். பாக்கெட்டைப் பிரித்து அது வந்தால் அழுகை வரும். ஒருவரும் மாற்றிக்கொள்ள மாட்டார்கள். தொகுப்பில் அதைச் சேர்த்து எண்ண வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. சைக்கிள் சக்கரக் கம்பியில் செருகியே தெருப் பிள்ளைகள் அத்தனையையும் கிழித்துத் தீர்த்தார்கள். கல்யாணத்தன்று புகுந்த வீட்டுக்கு அக்கா எடுத்துக்கொண்டு போனது அது ஒன்றைத்தான், தம்பி தேடவே மாட்டான் என்பதற்காக. அதை அவள் சொல்லவில்லை. வெட்டு மேஜை ஆடுகிறது என்று பத்தொன்பது வருடத்துக்கு முன் அதைக் குப்புறப் போட்டுக் காலுக்கு அண்டை கொடுத்ததையும், போன செவ்வாய்க்கு முந்தின செவ்வாய் காலை பதினோரு மணிக்கு மேஜையை மாற்றியதையும், துடைத்துக் கண்ணாடியில் செருகியதையும் மட்டும் சொன்னாள். பல் செட்டுக்காரர் அங்கே கிடந்த டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். எண்பத்தெட்டுப் பேரும் அவருக்கு முதுகு காட்டவில்லை. பந்தைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். அவர்கள் தொழில் அது.

அழுதிருக்க வேண்டிய இடம். ஆனால் ஏழு வருடப் பழக்கம் முந்திக்கொண்டது. "இதுக்கு ஒரு கூடு வாங்கணும்" என்றபடி எழுந்து கையை நீட்டினார்.

அக்கா சட்டென்று அட்டையின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டாள். "கையை எடுடா. பார்க்க வந்தியா, தூக்கிட்டுப் போக வந்தியா?"

"சும்மா கேக்கல. மாத்திக்கலாம். கோல்கீப்பரைத் தரேன்."

அவள் கூட்டை வாங்கி, தட்டிப் பார்த்து, திருப்பிக் கொடுத்தாள். "இது பிளாஸ்டிக். என் கடையில ரெக்ஸினே நிறைய கிடக்கு. கார்டைக் காட்டு." கூடவே ஆணி அடிக்கும் சுத்தியலையும் நீட்டினாள். அவர் சுத்தியலைப் பார்த்தார், மூன்றரை மார்க்கைப் பார்த்தார், அக்காவின் முகத்தைப் பார்த்தார். இரண்டு வாரத்தில் அவள் இளைத்திருந்தாள். ஓங்கி ஒரே போடு. கூடு இரண்டாகப் பிளந்தது. காற்றுப் பட்டதும் கோல்கீப்பர் இருமினார் என்கிறார்கள், மெக்கானிக் கடைச் சத்தத்தில் அதை உறுதியாகச் சொல்வதற்கில்லை.

"அக்கா, அன்னைக்கு போன்ல நான் சொன்னது..."

"எது?"

"பங்கு."

"இருபத்தஞ்சு வருஷமா எனக்கு அந்த நினைப்பே இல்லடா. நீதான் கேளுன்னு சொன்ன. சரி, கேக்கறேன். பாதி குடு. இன்னைக்கே."

இந்த ஒரு வாக்கியத்துக்குப் பயந்துதான் அவர் பூட்டு வாங்கினார், கையுறை வாங்கினார், ஞாயிற்றுக்கிழமைகளில் கூடவே நடந்தார். அது காதில் விழுந்தபோது, வாயில் இத்தனை காலம் பொருந்தாமல் இருந்த பல் செட் சரியாகப் போய் உட்கார்ந்தது போல இருந்தது. வீட்டுக்குப் போய், பொய்ப்பல்லைத் தேய்த்து வழவழப்பாக்கும் மிஷினில் வெட்டுத் தகட்டை மாட்டி மீதி எண்பத்தேழு கூடுகளையும் அறுத்தார். மத்தியானம் ஆனது. வேலையிலிருந்து அரை நாள் லீவு போட்டு வந்த மனைவி பிளாஸ்டிக் துண்டுகளைக் கூட்டி அள்ளினாள்.  அட்டைகளை வெறும் கையால் அள்ளி, துணிப்பையில் போட்டு, இருவருமாகக் கடைக்குக் கொண்டுபோய் அக்காவின் புது மேஜையில் பரப்பினார்கள். அக்காவும் தம்பியும் தெருவில் ஆட்டத்துக்கு ஆள் பிரிப்பது போல நீ ஒருவர், நான் ஒருவர் என்று எடுத்தார்கள். அக்கா வேண்டாத ஆளுக்கெல்லாம் பெருமூச்சு விட்டு, வேண்டிய ஆளை அலட்சியமாக எடுத்தாள். அவர் முதல் மூன்று முறை ஏமாந்து, நான்காவது முறை சுதாரித்து, ஐந்தாவது முறை மறுபடி ஏமாந்தார். ஆளுக்கு நாற்பத்து நான்கு. கோல்கீப்பர் அவளுக்குப் போனார்.

மறுநாள் காலை, கண்ணாடியில் செருகிய அட்டையில் வெறும் புல்தான் இருந்தது. பந்து பல் செட்டுக்காரர் வீட்டில், அறுபத்தோராம் எண்காரரின் காலடியில் இருந்தது. வெள்ளிக்கிழமை அக்கா கடைக்கே திரும்பியது. அன்று முதல் அது இரண்டு இடத்துக்கும் போய்வருகிறது, ஊரின் மேல் எந்த வழியாக என்று யாரும் பார்த்ததில்லை. மழை நாளில் ஈரமாக வரும். தெருவில் தார் போட்ட வாரம் கறுப்பாக வந்தது. தினமும் காலை அவர் அக்காவுக்குப் போன் போட்டு, பந்து அங்கேயா என்று கேட்பார். இல்லை என்று அவள் சொன்னால் அவர் நம்பமாட்டார். நம்பாததால் நேரில் போய்ப் பார்ப்பார். ஞாயிறன்று அவள் வந்து இவருடைய நாற்பத்து நான்கையும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவாள். மார்க் போடுகிறவர் ஒருமுறை வந்து, எல்லாவற்றிலும் விரல் ரேகை என்று வருத்தப்பட்டுப் போனார்.

போன மாதம் பந்து நான்கு நாள் எங்கேயும் இல்லை. நான் எடுக்கவில்லை என்று அவரும், எனக்கெதற்கு என்று அக்காவும் மாறி மாறிச் சத்தியம் செய்தார்கள், இரண்டு பேரும் நம்பவில்லை. ஐந்தாம் நாள் பல் செட்டுக்காரர் வீட்டில் பந்து இருந்தது, ஒரு பக்கம் நசுங்கி, நான்கு சின்னக் குழிகளோடு. பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் பார்த்தார். போனை எடுத்தார்.

"நாய் கடிச்சிருக்கு. மேல் தாடை, இடது கோரைப்பல் பாதி உடைஞ்ச நாய்."

"அதுக்கு?"

"எங்க தெரு நாய்க்கெல்லாம் பல் நல்லாத்தான் இருக்கு, நான் பார்த்துட்டேன். உங்க தெருவுல போய்ப் பாரு."

"நாய் வாயைத் திறந்து நான் பார்க்கணுமா? பல்லுக்காரன் நீதானே, வந்து பாரு" என்றாள் அக்கா. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.