வாசலுக்கு வெளியே வைத்த பெட்டி

வாஷிங்டனில் சொன்ன தீர்ப்பு ஆற்றங்கரைச் செரோக்கிப் பழங்குடி ஊர்களுக்கு எட்டியதும், வண்டியில் ஏற்றியிருந்த சட்டிபானைகளைக் குவெதி இறக்கிவிட்டாள். மேற்கே போய்விடலாம் என்று குளிர்காலம் முழுக்க நச்சரித்த தம்பி தாவோடி தலையைச் சொறிந்தான்.

"என்னடா, வாயடைச்சுப் போச்சா? ஜார்ஜியாக்காரன் சட்டம் நம்ம மண்ணுல செல்லாதுன்னு தலைமை நீதிபதியே சொல்லிட்டாரு. நம்மகூடப் பேச உரிமை நாட்டு சர்க்காருக்குத்தானாம், மாநிலத்துக்கு இல்லையாம்."

"சொன்னாருக்கா. கேக்கறவன் யாரு?"

"பெரியவர் சொன்னப்புறம் கேக்காம இருக்க வெக்கமா இருக்காது?"

அன்று ஊரே ஆடித் தீர்த்தது. குவெதி பீச் பழக் கன்றுகள் நட்டாள்.

மறுவருடம் சோள அறுப்பின்போது, வயலிலிருந்து திரும்பியவள் தன் அடுப்பருகே ஒரு பெட்டியைக் கண்டாள். அதன்மேல் ஒரு தொப்பி. செரோக்கி நிலத்தை ஜார்ஜியா குலுக்கல் போட்டு வெள்ளைக்காரர்களுக்குப் பங்கிட்டிருந்தது. அவள் வீடு பெர்க்கின்ஸ் என்பவனுக்கு விழுந்திருந்தது. அவன் ஆற்றில் குதிரைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான்.

குவெதி சத்தம் போடவில்லை. பெட்டியைத் தூக்கி வாசலுக்கு வெளியே வைத்து, தொப்பியையும் அதன்மேல் வைத்தாள். செரோக்கி வழக்கில் வீடு பெண்ணுடையது. அவள் ஒருவனின் சாமானை வெளியே வைத்துவிட்டால் அப்புறம் பேச்சே இல்லை. குடிகாரப் புருஷனின் மூட்டையையும் அப்படித்தான் வைத்தாள். பொழுது சாயுமுன் அவன் அதை எடுத்துக்கொண்டு, தலை நிமிராமல் தன் அம்மா வீட்டுக்குப் போனான்.

பெர்க்கின்ஸ் வந்தான், பெட்டியைப் பார்த்தான், சிரித்தான். தொப்பியை மட்டும் தலையில் மாட்டிக்கொண்டு குதிரை ஏறினான்.

"பாத்தியா, போயிட்டான்!"

"பெட்டிய எடுக்கலையேக்கா."

"எடுப்பான். வெக்கம் தெளிஞ்சதும் வருவான்."

மழை தூறவே, நனையாதிருக்க அதன்மேல் ஒரு மான்தோலைப் போர்த்தினாள்.

காலையில் அவன் வந்தான். கூடவே மூன்று துப்பாக்கிக்காரர்கள். தாவோடிக்கு அவர்கள் பேச்சு தெரியும். தீர்ப்பை எடுத்துச் சொன்னான்.

"நல்ல மனுஷன் அந்த நீதிபதி," என்றான் பெர்க்கின்ஸ். "கூட்டிட்டு வா, பேசிக்கலாம்."

"கோர்ட்டுக்குப் போவோம்."

"போயேன். செரோக்கி சாட்சி சொன்னா எங்க கோர்ட்டு கேக்காதுப்பா."

சட்டி, உரல், பாய் ஒவ்வொன்றாக வாசலுக்கு வெளியே வந்து விழுந்தன. குவெதி கதவோரம் நின்று பார்த்தாள். கடைசிப் பானையும் வந்ததும், யாரும் தள்ளாமலே வெளியே வந்து மூட்டை கட்ட ஆரம்பித்தாள்.

"எடுக்காதக்கா! அப்படியே நில்லு. நம்ம பக்கம் தீர்ப்பு இருக்கு."

"சாமான் வெளிய வந்துருச்சேடா," என்றாள்.

மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு கன்றுகளைக் கடந்து நடந்தாள். தலை நிமிரவில்லை. அவள் போர்த்திய மான்தோல் இன்னும் அந்தப் பெட்டியின்மேல்தான் கிடந்தது.