பத்தொன்பதாவது வரிசை

மேலிருந்து பார்த்தால் பறக்கும் கொக்கு என்றார் கட்டடக் கலைஞர். படிக்க வருகிறவர்கள் யாரும் மேலிருந்து வருவதில்லை. கீழிருந்து பார்த்தவர்களுக்குப் புது நகர நூலகம் கவிழ்த்து வைத்த வாணலி.

உள்ளே கூரைவரை முப்பது வரிசை அலமாரி. ஏழாவது வரிசைக்கு மேலே எல்லாம் தகடு. புத்தக முதுகுகளின் படத்தை அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். பழைய நூலகத்திலிருந்து வந்த நாற்பதாயிரம் புத்தகங்களும் அடித்தளத்தில். அங்கே காபிக்கடை வரப்போகிறதாம். புத்தகங்களை அள்ளிப்போக, பின்வாசலில் பழைய பேப்பர் வண்டி காத்திருந்தது.

அந்தப் புத்தகங்களோடு இருபத்தாறு வருடம் இருந்த நூலகர் சூ மெய்ஃபென் காலையிலிருந்து பின்வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து, திறப்பு விழாவுக்கு டிவி கேமராக்களோடு நகரக் கட்சிச் செயலாளர் கொங் வந்துவிட்டார், ஒரு மணி நேரம் முன்னதாகவே! அண்ணாந்து பார்த்தார். கையிலிருந்த லேசர் பேனாவின் சிவப்புப் புள்ளி மேலே ஏறி, பத்தொன்பதாவது வரிசையில் நின்றது.

"அட, நம்ம கவிதைத் தொகுப்பு! எடுத்துட்டு வாங்க. ஒரு கவிதை வாசிக்கறேன்."

அவரைக் குளிர்விக்க அவர் எழுதிய புத்தகத்தின் முதுகை அங்கே அச்சடிக்கச் சொன்ன இயக்குநர் பாங்குக்கு இப்போது வியர்த்தது.

"சின்ன சூ, ஏதாவது பண்ணு!" என்று கிசுகிசுத்தார். ஐம்பது வயதானாலும் அவருக்கு அவள் சின்ன சூதான்.

"கீழ ஒரு பிரதி இருக்கு. வண்டியைத் திருப்பி அனுப்புங்க. அடித்தளத்துலேருந்து ஒரு புத்தகமும் வெளிய போகாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

"இப்பவா?"

"மெதுவாப் போடுங்க. அவர் காத்துட்டுதானே இருக்கார்."

நிகழ்ச்சி நிரலின் பின்பக்கத்தில் கையெழுத்து விழுந்தது. மெய்ஃபென் பறந்தாள். புத்தகம் கிடைத்தது. ஆனால் இரவல் சீட்டு வெள்ளை வெளேர்! ஒரு ஆள்கூடத் தொடவில்லை. தேதி முத்திரையைத் திருப்பித் திருப்பிப் பன்னிரண்டு குத்து குத்திவிட்டு, தூணுக்குப் பின்னாலிருந்து வெளிப்பட்டாள்.

"அவ்ளோ உயரத்துலேருந்து இவ்ளோ சீக்கிரமாவா?"

"நவீன கட்டடம் இல்லீங்களா."

செயலாளர் கவிதையை விட்டுவிட்டுச் சீட்டைத்தான் வாசித்தார். கண் கலங்கியது.

"பன்னிரண்டு பேர்! இவ்ளோ தேவை இருக்கா? வீட்ல ரெண்டாயிரம் பிரதி சும்மா கிடக்கு. நாளைக்கே அனுப்பறேன்."

இயக்குநர் முதல் ஆளாகக் கை தட்டினார்.

மறுநாள் வாசலில் இரண்டு லாரி.

"கீழ இருக்கறதை ஒதுக்கிட்டு இதை அடுக்கு" என்றார் இயக்குநர்.

மெய்ஃபென் நிகழ்ச்சி நிரலைத் திருப்பிக் காட்டினாள். "கையெழுத்து உங்களுது. தவிர, செயலாளர் கவிதையை அடித்தளத்துலயா வைப்பாங்க? அவர் பார்த்தது பத்தொன்பதாவது வரிசையில. டிவியிலயும் வந்தாச்சு. அங்கயே வெச்சிடுங்க."

இயக்குநர் அண்ணாந்து தகட்டைப் பார்த்தார். லாரியைப் பார்த்தார். மறுபடி தகட்டைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"அந்தப் பழைய பேப்பர்காரன் நம்பர் உன்கிட்ட இருக்கா?"